ஆறு மூலைத் தொட்டி

அத்தியாயம் 4

"இந்தா நிக்காருல்லா, இவருதான் எங்க வீட்டு இன்ஜினியரு," என்றார் லிங்கேஸ்வரன்.

பால்கோவா முதலாளிக்கு நாக்கும் இனிப்பாக இருக்கும் என்று யாராவது நம்பினால், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து இந்த மனிதரிடம் ஐந்து நிமிடம் பேசிப் பார்க்கட்டும். சொந்த மாப்பிள்ளையை அவர் அறிமுகப்படுத்திய விதம், கடைவாசலில் கிடக்கும் எச்சில் இலையைக் காட்டி யாரையோ எடுக்கச் சொல்வது போலத்தான் இருந்தது.

மாப்பிள்ளையின் பெயர் கௌதம்ராஜ். கசங்காத சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா, எதற்கும் மாறாத ஓர் அசட்டுச் சிரிப்பு. மாமனார் திட்டும்போதும் அதே சிரிப்புதான். பார்த்தவுடனே எனக்கும் அவன்மேல் மரியாதை போய்விட்டது. என்னிடம் மரியாதை அதிகம் ஸ்டாக் கிடையாது என்பது வேறு விஷயம்.

நான் பியூலா. இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி விற்கும் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கும் சமுத்திரத்துக்கு உதவியாளர், ஸ்கூட்டர் டிரைவர், அவர் திட்டுவதற்கு ஆள் கிடைக்காதபோது அதற்கும் நானே. சமுத்திரம் முன்பு இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். மில்லில் தீப்பிடித்தால் பஞ்சு எரிந்ததா, வெறும் கோணிச்சாக்கு எரிந்ததா என்று சாம்பலைக் கிளறிச் சொல்வார். அந்த வேலையில் இருபது வருடம் பொய்யர்களோடு பழகியதில், மனிதன் வாயைத் திறந்தாலே அவருக்குக் கொட்டாவி வந்துவிடும்.

வழக்கு இதுதான். வத்திராயிருப்பில் வேலுத்தாய் என்று ஒரு பெண், சுற்றுவட்டார விவசாயிகளிடம் பால் வாங்கிக் குளிரவைத்து, தினமும் லிங்கேஸ்வரனின் வேன் தொட்டியில் ஊற்றி அனுப்புகிறாள். ஊற்றுவது ஆயிரம் லிட்டர் என்கிறாள். இங்கே இறங்குவது எழுநூற்றைம்பது. நடுவில் கால்பங்கு பால் காணவில்லை. விவசாயிகள் ஆயிரம் கொடுத்தது நிஜம் என்பதால், கால்பங்கை வேலுத்தாய்தான் வேறு எங்கோ விற்கிறாள் என்று அவள் ஊர்க்காரர்களே நம்பத் தொடங்கிவிட்டார்கள். இன்று சாயங்காலம் வத்திராயிருப்பில் பால்காரர்கள் கூடுகிறார்கள். லிங்கேஸ்வரன் நேரில் போய் அவளைத் திருடி என்று சொல்லப் போகிறார். சொல்லிவிட்டால் நாளை முதல் அவளிடம் ஒருவரும் ஒரு சொம்புப் பால்கூட ஊற்ற மாட்டார்கள்.

நேற்று எங்கள் அலுவலகத்துக்கு வந்த வேலுத்தாய் அழவில்லை. "நாப்பது லிட்டர் கேன் இருபத்தஞ்சையும் எங் கையாலதான் தூக்கி ஊத்துதேன். தோள்பட்டைக்குப் பொய் சொல்லத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"சரி, தொட்டியக் காட்டுங்க," என்றார் சமுத்திரம்.

கடைக்குப் பின்னால் வேன் நின்றது. அதன்மேல் போல்ட் போட்டு மாட்டிய, பளபளவென்ற ஸ்டீல் தொட்டி. உருண்டை இல்லை, சதுரம் இல்லை. ஆறு பக்கம், ஆறு மூலை. வாயில் அசைக்க முடியாதபடி பற்றவைத்த ஒரு சல்லடை. அடியிலிருந்து ஒரு சாணுக்கு மேலே குழாய். இன்றைய பாலை அப்போதுதான் இறக்கி முடித்திருந்தார்கள். உள்ளே அடுப்பில் பால்கோவா கிண்டும் வாசனை வந்தது. எனக்கு வயிறு கூப்பாடு போட்டது.

"எதுக்கு ஆறுகோணம்?" என்று சமுத்திரம் கேட்டார்.

"செஞ்சு குடுத்த பட்டறையில தகட்ட வளைக்கிற ரோலிங் மெஷின் இல்ல சார்," என்றான் கௌதம்ராஜ். "மடக்குற மெஷின் மட்டுந்தான். அதான் மடக்கி மடக்கி ஆறு பக்கமா..."

"கிறுக்குப்பய யோசனைக்கு ஒரு வௌக்கம் வேற," என்றார் மாமனார்.

நான் தொட்டியில் சாய்ந்து நின்றேன். முழங்கை வெயிலில் சுட்டது. இடுப்புப் பக்கம் சுடிதார் தொப்பலாக நனைந்தது. திட்டிக்கொண்டே விலகினேன்.

"சார், தொட்டிக்கு வேர்க்குது."

"நீ சாஞ்சா யாருக்கும் வேர்க்கும்," என்றார் சமுத்திரம். ஆனால் என் சுடிதாரை ஒரு முறை பார்த்தார். பிறகு தொட்டியைப் பார்த்தார்.

லிங்கேஸ்வரன் எங்களை உள்ளே அழைத்துப் போனார். வெள்ளை டைல்ஸ் சுவரில், எல்லாருக்கும் தெரியும்படி மார்க்கரில் எழுதியிருந்தது: குறுக்களவு 104, பக்கம் 52, உயரம் 107. கொள்ளளவு 752 லிட்டர்.

"எம் மாப்பிள்ள ஆயுசுல உருப்படியாச் செஞ்ச ஒரே காரியம் இது. தொட்டி கொள்ளுறதே எழுநூத்தம்பதுதான். அந்தப் பொம்பள ஆயிரம் ஊத்துனேங்கா. மிச்சத்த எங்க ஊத்துனா, அவ தலையிலயா?"

சமுத்திரம் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். "எப்படி அளந்தீங்க தம்பி?"

"எதிரெதிர் பக்கத்துக்கு டேப் வச்சேன் சார். நூத்தி நாலு சென்டிமீட்டர். ஆறுகோணத்துல குறுக்களவுல பாதிதான ஒரு பக்கம்? அப்ப ஐம்பத்திரண்டு. பொறவு உயரத்தால பெருக்குனேன்."

சமுத்திரம் என் கைப்பையில் இருந்த டேப்பை உருவிக்கொண்டு வெளியே போனார். தொட்டியின் ஒரே ஒரு பக்கத்தில், மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு வைத்தார்.

"அறுபது," என்றார்.

"ஒரு பக்கம் எம்புட்டுன்னு சுவர் பூரா கணக்குப் போட்டிருக்கீங்க. பக்கத்துல டேப்ப வச்சுப் பாக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல. குறுக்களவுல பாதி பக்கம்ங்கிறது மூலைக்கு மூலை அளந்தாத்தான் செல்லும். நீங்க அளந்தது தட்டைக்குத் தட்டை. அது எப்பவும் கம்மியாத்தான் வரும். பியூலா, போனை எடு. ஆறுகோணம்னா ஆறு முக்கோணம். மூணு பக்கமும் அறுபது. ஒண்ணோட பரப்பைப் போடு, ஆறால பெருக்கு, நூத்தி ஏழால பெருக்கு."

பெருக்கினேன். "ஆயிரம் லிட்டர் சார். சுத்தமா ஆயிரம்."

லிங்கேஸ்வரன் மாப்பிள்ளையைப் பார்த்த பார்வையில், நான் அவன் இடத்தில் இருந்தால் இரண்டு பேனாவையும் அங்கேயே போட்டுவிட்டு ரயிலேறியிருப்பேன். "நாலு வருசப் படிப்ப ஏழு வருசம் படிச்சா இப்படித்தான். தெண்டம். ஊர் சிரிக்க சுவத்துல வேற எழுதி வச்சிருக்கான்."

கௌதம்ராஜ் தலையைச் சொறிந்தான். சிரிப்பு மட்டும் மாறவில்லை.

"அப்ப வேலுத்தாய் சொன்னது நெசம். தொட்டி ஆயிரம் கொள்ளும். கெளம்புவோமா சார்?" என்றேன்.

"எங்க கெளம்புதம்மா?" என்றார் லிங்கேஸ்வரன். "கணக்கு தப்புன்னா தப்பா இருந்துட்டுப் போவுது. போன வாரம் அத்தன பேரு முன்னால தண்ணி ஊத்திப் பாத்தோம். எழுநூத்தம்பதுலயே வழிஞ்சுருச்சு. தெனமும் எறங்குறதும் அதுதான். அதுக்கு என்ன சொல்லுத?"

டேப் ஆயிரம் என்கிறது, தண்ணீர் எழுநூற்றைம்பது என்கிறது. இரண்டும் பொய் சொல்லும் சாதி இல்லை.

சமுத்திரத்தின் முகத்தில் மட்டும் கொட்டாவி போய், பசி வந்திருந்தது. "வண்டி இனி எங்க போகும்?"

"இராஜபாளையத்துக்கு. தொட்டி செஞ்ச பட்டறையிலதான் தெனமும் கழுவ விடுதோம். அங்க ஸ்டீம் இருக்கு. மாப்பிள்ள ஏற்பாடு." லிங்கேஸ்வரன் கையை உதறினார். "அந்த ஊருல அது ஒண்ணுதான் உருப்படி. இப்ப அங்கயும் எவனோ பால்கோவா கடை போட்டிருக்கானாம். இராஜபாளையத்துக்காரன் பஞ்சத்தான் கிண்டுவான், பால்கோவாவ என்னத்தக் கிண்ட?"

வேன் கிளம்பியது. என் ஸ்கூட்டரும் பின்னாலேயே கிளம்பியது. பின்னால் சமுத்திரம் உட்கார்ந்திருந்தார். லாரி ஒன்று உரசிக்கொண்டு போனபோது, "மொள்ளப் போ, சாவுறதா இருந்தா உண்மையத் தெரிஞ்சிக்கிட்டுச் சாவோம்," என்றார்.

இராஜபாளையத்தில் மில்லுக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்தப் பட்டறை இருந்தது. வாசலில் புது ஸ்டீல் டிரம்களை வெயிலில் அடுக்கிக் காயப்போட்டிருந்தார்கள். பளபளவென்று கண் கூசியது. அதை ஒட்டியே, சுவரைப் பகிர்ந்துகொண்டு ஒரு புதிய பால்கோவா கடை. எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. வேன் பின்பக்கமாகத் திரும்பி நிற்பதற்குள் ஒரு நூறு கிராம் வாங்கி வாயில் போட்டேன்.

"எப்படி இருக்கு?" என்றார் சமுத்திரம்.

"லிங்கேஸ்வரன் கேட்டா அவருக்கு நெஞ்சு அடைச்சிரும். அவர் கடைச் சரக்கு மாதிரியே இருக்கு சார்."

"கடைக்குப் பால் கேன் எதுவும் வருதான்னு பாத்தியா?"

"நான் பால்கோவாவப் பாத்தேன்."

"அதான் நீ உதவியாளரு." அவர் வேனை நோக்கி நடந்தார். டிரைவர் கருத்தையா இறங்கி, டீக்கடைப் பக்கம் ஒரு காலை வைத்திருந்தார்.

"என்ன கருத்தையா, பால் ஊத்தும்போது வத்திராயிருப்புல எத்தன கேன் ஊத்துறாங்கன்னு நீங்க பாக்குறதில்லையா?"

"நான் எதுக்குப் பாக்கேன்? சீட்டுல உக்காந்து போன் பாத்துக்கிட்டு இருப்பேன். ஊத்துறது அவிய வேல, ஓட்டுறது என் வேல."

"கழுவும்போது?"

"அப்பவும் டீ குடிக்கப் போயிருவேன். செத்த நேரம் கழிச்சு வாங்கம்பாக. வருவேன்."

ஒரு மனிதனின் கண்ணெதிரே தினமும் கால்பங்கு பால் காணாமல் போகிறது. அவர் போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அவரைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

"இன்னைக்குக் கழுவ வேண்டாம். மொதலாளி வண்டிய அப்படியே திருப்பிக்கிட்டு வரச் சொன்னாரு," என்றார் சமுத்திரம்.

கருத்தையாவின் முகத்தில் நிறம் மாறியது. போனை எடுத்து யாரையோ கூப்பிடப் போனார். சமுத்திரம் அந்தப் போனை மெதுவாக வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வேனில் அவர் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்தார்.

நாங்கள் திரும்பி வந்தபோது வேலுத்தாய் ஸ்ரீவில்லிபுத்தூர் கடை வாசலில் நின்றிருந்தாள். வத்திராயிருப்பு பஸ்ஸில் வந்திருக்கிறாள். லிங்கேஸ்வரன் அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை. மாப்பிள்ளை உள்ளேயிருந்து வந்தான். கழுவாமல் திரும்பி வந்த வேனைப் பார்த்தான். அவன் சிரிப்பு முதல் முறையாகக் கொஞ்சம் சுருங்கியது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. ஒருவனை முட்டாள் என்று முடிவு செய்துவிட்டால் பிறகு யார் அவன் முகத்தைப் பார்க்கிறார்கள்?

"மொதலாளி, தொட்டியில மேல கைய வைங்க," என்றார் சமுத்திரம்.

லிங்கேஸ்வரன் வைத்தார். "சுடுது."

"இப்ப கீழ."

வைத்த கையை அவர் உடனே எடுத்துப் பார்த்தார். உள்ளங்கை ஈரம். இப்போது எல்லாருக்கும் கண்ணால் தெரிந்தது. தொட்டியின் மேல் முக்கால் பாகம் காய்ந்து கிடந்தது. கீழே கால்பங்கு உயரத்துக்கு, ஆறு பக்கமும் சுற்றி, கோடு போட்டதுபோல வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தது.

"பாலை இறக்கி எம்புட்டு நேரமாச்சு? காலித் தொட்டிக்கு இன்னும் எதுக்கு வேர்க்கணும்? உள்ள குளிர்ந்த பால் இருக்கு மொதலாளி. கால்பங்கு உயரத்துல ஒரு தகடு பத்த வச்சிருக்கு. அதுல ஒரு ஓட்டை. ஊத்தும்போது மொதல்ல கீழ நெறையும், பொறவு மேல. உங்க குழாய் தகட்டுக்கு மேல இருக்கு. அதுனால மேல உள்ளதுதான் உங்களுக்கு வரும். கீழ உள்ளத இராஜபாளையத்துல கழுவுறேன்னு தொட்டிக்கு அடியில மூடியா இருக்குற போல்ட்டக் கழட்டி எடுத்துக்கிடுதான். தண்ணி ஊத்திப் பாத்த அன்னைக்குக் கீழ முன்கூட்டியே தண்ணிய நெறச்சு வச்சிட்டான்."

வேலுத்தாய் கண்ணை மூடித் திறந்தாள்.

"எந்தப் பய செஞ்சான்? ஏலே கருத்தையா!"

"எனக்கு ஒண்ணும் தெரியாது மொதலாளி. தெனமும் கழுவ விடாட்டி வேலை போயிரும்னாவ, விட்டேன்," என்று கருத்தையா அழ ஆரம்பித்தார்.

"இவருக்குத் தெரியாது. பட்டறைக்காரன் கூலிக்குச் செஞ்சவன், அவனுக்குத் தகட்ட ஒட்டத்தான் தெரியும்," என்றார் சமுத்திரம். "இதச் செஞ்சவன் பெரிய மூளைக்காரன். ஏன்னா தகட்ட எந்த உயரத்துல வச்சிருக்கான் பாருங்க. உங்க மாப்பிள்ள தப்பாப் போட்ட கணக்கு எழுநூத்தம்பது. தண்ணி காட்டுனதும் எழுநூத்தம்பது. தப்பான கணக்குக்கும் நெசத் தொட்டிக்கும் இம்புட்டுப் பொருத்தம் தானா வராது. மாப்பிள்ள தப்புப் போடுவாருன்னு முன்னாலயே தெரிஞ்சு, எவனோ அதுக்குத் தோதாத் தொட்டி செஞ்சிருக்கான்." அவர் கௌதம்ராஜ் பக்கம் திரும்பி, முழு ஏளனத்தோடு பார்த்தார். "பாவம், இவர வச்சு வெளையாடியிருக்கான். ஆறுகோணத்துக்குப் பக்கம் எதுன்னே தெரியாத மனுசன்."

லிங்கேஸ்வரன் வாய்விட்டுச் சிரித்தார். அந்த நிலையிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. "நான் ஒரு நிமிசம் இவனோன்னு பாத்தேன் சார். பொறவு நெனச்சேன், இவனுக்கா? கத்திரிக்கா நிறுக்கத் தெரியாது. இவன ஏமாத்துறதுக்கு மூளை எதுக்கு? ரோட்டுல போற நாயி போதும்."

"சரியாச் சொன்னீங்க. அவன் வேற ஆளு. கெட்டிக்காரன்," என்றார் சமுத்திரம்.

"எந்த ஆளு?"

கேட்டது கௌதம்ராஜ். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. சிரிப்பு இல்லாத அந்த முகத்தை நான் அப்போதுதான் பார்த்தேன். வேறு யாரோ போல இருந்தது.

"எந்த ஆளு கெட்டிக்காரன்? தட்டைக்குத் தட்டை நூத்தி நாலுன்னா, ரூட் மூணால வகுத்தா அறுபது. எட்டாங்கிளாஸ் பையனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாதா? பாதின்னு போட்டாச் சரியா முக்கால்வாசிதான் வரும். ஒரு சொட்டு கூடாது, கொறையாது. எந்த அளவுல தொட்டி செஞ்சாலும் முக்கால்தான். அத மொதல்ல கண்டுபிடிச்சிட்டுத்தான் தொட்டிக்கே வரைபடம் போட்டேன். உருண்டையில இந்தத் தப்பப் பண்ண முடியாது. சதுரத்துலயும் முடியாது."

"வாசல்ல காயப்போட்டிருந்த டிரம் அம்புட்டும் உருண்டையாத்தான் இருந்துச்சு," என்றார் சமுத்திரம் என்னிடம். "ரோலிங் மெஷின் இல்லாத பட்டறை."

கண் கூசவைத்த அந்த டிரம்களை நானும்தான் பார்த்தேன். பால்கோவாவைத்தான் முழுசாகப் பார்த்திருக்கிறேன்.

லிங்கேஸ்வரனுக்கு இன்னும் விளங்கவில்லை. அல்லது விளங்க மறுத்தார். "ஏலே, நீயா? உனக்கு எப்படிலே..."

"அந்த இராஜபாளையத்துக் கடை என்னுது மாமா. வேற ஆள் பேருல இருக்கு. போன மாசம் ஒரு டப்பா கொண்டாந்து குடுத்தேன், ஞாபகம் இருக்கா? தின்னுட்டு, நல்லாருக்குலே, எவன் கிண்டுனதுன்னு கேட்டீங்க. இந்த வீட்டுக்கு வந்ததுலருந்து நீங்க நல்லாருக்குன்னு சொன்னது அது ஒண்ணுதான்." அவன் சுவர்ப் பக்கம் கையைக் காட்டினான். "முட்டாப்பய போட்ட கணக்குன்னா ஒருத்தரும் திருப்பிப் பாக்க மாட்டீங்கன்னு தெரியும். சிரிச்சிட்டுப் போயிருவீங்க. அம்புட்டுத்தான் எனக்கு வேணும்."

அதில் நானும் அடக்கம் என்பது எனக்குக் குத்தியது. அதற்காக அவன்மேல் எனக்கு இரக்கம் வந்துவிடவில்லை. மாமனாருக்குப் பாடம் கற்பிக்க வேறு ஒரு பெண்ணைத் திருடியாக்கிய ஆள் கெட்டிக்காரனாக இருந்தால் என்ன, முட்டாளாக இருந்தால் என்ன?

லிங்கேஸ்வரன் வேலுத்தாய் பக்கம் திரும்பினார். அவர் குரலில் அன்றைக்கு முதல் முறையாக இனிப்பு வந்தது.

"தாயி, ஒம்மேல தப்பில்ல. நான் இப்பவே உங்க ஊர்க்காரங்களுக்குப் போனைப் போட்டுச் சொல்லிருதேன். இது குடும்ப விசயம், வெளிய போனா எங்களுக்குத்தான் அசிங்கம். எம் பொட்டப்புள்ள வாழ்க்கை இருக்கு. நாளைக்கு எப்பவும்போலப் பாலை அனுப்பிரு." பிறகு கருத்தையாவைப் பார்த்தார். "அந்த போல்ட்டக் கழட்டுலே, உள்ள உள்ள பாலயாவது அடுப்புல ஏத்துவோம்."

கருத்தையா ஸ்பேனரோடு குனிந்தார்.

"தொடாதீங்க," என்றாள் வேலுத்தாய்.

அவள் சத்தம் போடவில்லை. ஆனாலும் கருத்தையா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"சாயங்காலம் எங்க ஊருல கூட்டம் இருக்கு. என்னத் திருடின்னு சொல்ல நீங்க வாரதா இருந்தீங்க. வாங்க. இந்த வண்டியிலயே வாங்க, உங்க மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு. பாலு உள்ளயே இருக்கட்டும். எங்க ஊர்க்காரங்க கண்ணு முன்னால வச்சுத்தான் போல்ட்டக் கழட்டணும். அவியதான் அளந்து பாக்கணும்."

"சாயங்காலம் வரைக்கா?" லிங்கேஸ்வரன் பதறினார். மாப்பிள்ளை திருடன் என்று தெரிந்தபோது வராத பதற்றம் அது. "இந்த வெயில்லயா? பாலு கெட்டுப் போயிரும் தாயி."

"கெடட்டும். எம்பேரு கெட்டப்போ நீங்க ஒருத்தரும் பதறலையே."

அவள் வேனின் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். பக்கத்தில் ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் இடம் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெயர்போன பால்கோவா முதலாளியும் அவருடைய இன்ஜினியர் மாப்பிள்ளையும் பின்னால் ஏறி, வேர்த்துக்கொண்டிருந்த அந்தத் தொட்டியை ஆளுக்கு ஒரு மூலையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.